அறுபத்து மூன்று கிலோ அப்பா

என் அப்பாவை அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை சாகடித்தவன் நான். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் அந்தக் காரியத்தை முடித்தேன். (கத்தி, விஷம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஃபோன் கார்டும் மண்டை நிறைய அறிவும் போதுமானதாக இருந்தது.) மாலை, கோடி வேட்டி, ஒப்பாரி எல்லாம் முறைப்படி நடந்தது. செத்தவர் மட்டும்தான் ஒத்துழைக்கவில்லை.

ஊருக்குள் கைபேசி வராத காலம் அது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற பக்கம், வடவாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். அப்பா அதில் நெல் போட்டார். ஒரே பிள்ளையான நான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். ஐப்பசி மழையில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் முட்டுகிறது என்று மூன்று நாள் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்திருக்கிறார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை என்றான பிறகுதான் அம்மா சண்டை போட்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நான் அவசர விடுப்பில் ஓடிவந்தேன்.

டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. "இது ஹார்ட் ஃபெயிலியர். இதயம் நின்னு போகல, பம்ப் பண்ற பலம் குறைஞ்சிருக்கு. அதனால உடம்புல தண்ணி தேங்குது" என்றார்.

"ஃபெயிலா? நான் எட்டாங்கிளாஸ்லயே ஃபெயில்தான் சார்" என்றார் அப்பா. (படுக்கையில் கிடந்தாலும் வாய் மட்டும் குறையாது.) பிறகு என்னைப் பார்த்து, "புரியுதாடா? மோட்டார் ஓடுது, ஆனா தண்ணிய எடுத்துத் தள்ளல. வடிகால் அடைச்சுக்கிட்ட வயல் மாதிரி நின்னுடுச்சு" என்று எனக்கு விளக்கினார். டாக்டருக்கே அந்த விளக்கம் பிடித்துவிட்டது.

உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடவே கூடாது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கக்கூடாது, காபி, மோர், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. மாத்திரையை ஒரு நாள் விடக்கூடாது. தினம் காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, ஒரே மாதிரி துணியில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். உடனே கிளம்பி வர வேண்டும். இதையெல்லாம் டாக்டர் சொல்லச் சொல்ல நான் டைரியில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பும் அன்று அப்பாவின் எடை எவ்வளவு என்பதை மட்டும் எழுதவில்லை. அது டாக்டர் கொடுத்த சீட்டில் இருந்தது. அந்தச் சீட்டை மாத்திரைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்துவிட்டு நான் விமானம் ஏறினேன்.

கிளம்பும் முன் ஒரு பெரிய யோசனை சொன்னேன். தஞ்சாவூரில் ஏறி நின்று எடை பார்க்கிற சின்ன மெஷின் கிடைக்கும். வாங்கிக் கொடுத்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் நான்தான் அறிவாளி ஆயிற்றே! "நம்ம தெருக்கோடியில ரைஸ் மில்லு இருக்கு. நெல்லு மூட்டை போடுற தராசு இருக்கு. அதுல ஏறி நில்லுங்கப்பா. காலையில கொஞ்சம் நடந்த மாதிரியும் இருக்கும்" என்றேன்.

"நான் என்ன மூட்டையா?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

எனக்கு இருந்தது ஒரே பயம். எங்கள் அறையில் ஆறு பேர் இருந்தோம். அதில் ஒருவர் தன் தகப்பனாரின் கடைசி ஊர்வலத்தைத் தபாலில் வந்த புகைப்பட ஆல்பத்தில்தான் பார்த்தார். அவர் அந்த ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்ததை நான் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாதபோது அப்பா போய்விடக் கூடாது. அவ்வளவுதான் என் பிரார்த்தனை, லட்சியம் எல்லாமே.

வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. ஊரில் பாய் வைத்திருந்த எஸ்டிடி பூத்துக்கு அப்பா பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவார். நான் கூப்பிடுவேன். நலமா, சாப்பிட்டீர்களா என்ற பேச்செல்லாம் கிடையாது. காசு ஓடுகிறதே!

"சனிக்கிழமை?"

"அறுபது."

"ஞாயிறு?"

"அறுபது."

"கால்?"

"ரெண்டுதான்டா."

"வீக்கம் இருக்கான்னு கேட்டேன். ஊறுகா தொட்டீங்களா?"

"தொடல." (தொட்டிருந்தார். பம்ப்செட் கொட்டகையில் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி ஒளித்து வைத்திருந்ததை அம்மா பின்னால் கண்டுபிடித்தாள்.)

அந்த அறுபதுகளை எல்லாம் கம்பெனி காலண்டரின் பின்பக்கம் கோடு போட்டுக் குறித்து, சுவரில் மாட்டி வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அறுபத்தாறு, இப்போது அறுபது. ஆறு கிலோ தண்ணீர்! கடல் கடந்து இருந்துகொண்டே அப்பாவின் உடம்பிலிருந்து ஆறு கிலோ தண்ணீரை வடிய வைத்துவிட்டேன் என்று அறையில் உள்ளவர்களிடம் பீற்றிக்கொண்டேன். ஒருவர் தன் மாமனாருக்கும் ஆலோசனை கேட்டார். கொடுத்தேன்.

தை கடைசியில், சம்பா அறுவடை மும்முரத்தில், அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

"புதன்?"

"அறுபது."

"நேத்து?"

"அறுபது."

"இன்னைக்கு?"

"அறுபத்து மூணு."

ஒரே நாளில் மூன்று கிலோ!

"அப்பா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க!"

"நான் நல்லாத்தான்டா இருக்கேன். மூச்சு வாங்கல, கால் வீங்கல. களத்துல நெல்லு கெடக்கு. திங்கக்கிழமை பாப்போம்."

"நெல்லு கெடந்தா கெடக்கட்டும்! மொதல்ல..."

கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே மூன்று நாள் மறைத்தவர் ஆயிற்றே, இவர் நல்லாயிருக்கேன் என்றால் நம்ப முடியுமா? விடுமுறை நாளில் திறந்திருக்கிற கடையைத் தேடி அலைந்து இன்னொரு கார்டு வாங்கி வந்து பூத்துக்குப் போட்டேன். பாய் ஜும்மா தொழுகைக்குப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். உடனே வலங்கைமானில் உரக்கடை வைத்திருக்கும் பன்னீர் மாமாவுக்குப் போட்டேன். அம்மாவின் தம்பி.

"மாமா, அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ். நான் இன்னைக்கே கெளம்பி வர்றேன். நீங்க போங்க."

இதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு யாரும் சாவைச் சொல்வதில்லை. 'ரொம்ப சீரியஸ், கிளம்பி வா' என்றுதான் சொல்வார்கள். அவன் வழியில் உடைந்துபோய்விடக் கூடாதே என்று. ஆகவே சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். அதிலும், மூன்று மாதத்துக்கு முன்னால்தான் விடுப்பில் வந்துபோனவனைக் கம்பெனி மறுபடி அனுப்புகிறது என்றால் சந்தேகமே இல்லை. பாவம், பையனுக்கு இன்னும் விஷயம் தெரியாது என்று மாமா முடிவு கட்டினார். "நீ தைரியமா வாப்பா" என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டு, திருவாரூர், நீடாமங்கலம், கும்பகோணம் என்று எல்லா ஊர் சொந்தங்களுக்கும் ஆள் அனுப்பினார். (அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வேன்தான் பிடித்திருப்பேன்.)

அடுத்த நாள் காலை நடந்ததை அம்மா சொல்லித்தான் கேட்டேன். நான் இல்லாமல் போன வருத்தம் இன்றைக்கும் உண்டு.

அப்பா மில்லில் எடை பார்த்துவிட்டு வந்து, தனக்கு அனுமதிக்கப்பட்ட அரை டம்ளர் டீயோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் வேன் நிற்கிற சத்தம். பெண்கள் முனையிலேயே இறங்கி ஒப்பாரி வைத்துக்கொண்டு வருகிறார்கள். நம் தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று அப்பா பதறி எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நின்றார். முன்னால் வந்தவள் திருவாரூர் அத்தை, அப்பாவின் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு அழுதபடி வந்தவள் எதிரே நின்ற ஆளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எந்தம்பி போயிட்டானே!" என்று கதறினாள்.

அப்பா அவள் முதுகைத் தட்டிக் கொடுத்து, "எந்தத் தம்பி, அக்கா? ஒனக்கு நான் ஒருத்தன்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

அத்தை கண்ணைத் திறந்தாள். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தம்தான் உண்மையான ஒப்பாரி என்பாள் அம்மா. பின்னால் ஆளுயர மாலையோடு வந்த மாமா, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். கடைசியில் மாட்டுக்குப் போட்டார். அது தின்றுவிட்டது. கோடி வேட்டியை அப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டார். "நல்ல வேட்டியா இருக்கே, திருப்பிக் குடுத்தா கடைக்காரன் வாங்குவானா?" என்றாராம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்த நாற்பது பேருக்கும் அம்மா சமைத்தாள். கை பழகிப்போனதால் சாம்பாரில் உப்பே போடவில்லை. துக்கத்துக்கு வந்த இடத்தில் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று எல்லோரும் பேசாமல் சாப்பிட்டார்கள்.

நான் சென்னையில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டி வந்து சேர்ந்தேன். தெருவில் வேன்கள். வாசலில் வாடகை நாற்காலிகள். கூட்டம். வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதில் தலை முதல் கால் வரை புது வெள்ளை வேட்டி போர்த்தி ஓர் உருவம். ஆல்பம் கூட இல்லாமல் நேரிலேயே பார்க்கிறேன், ஆனால் நேரம் தப்பிப்போய். கார் நிற்பதற்குள் குதித்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி, "அப்பா! என்னப் பாக்காமயே போயிட்டீங்களேப்பா!" என்று கட்டிலின் மேல் விழுந்தேன்.

சாப்பிட்டுவிட்டு, ஈத் தொல்லைக்காகக் கோடி வேட்டியைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த அப்பா அலறி எழுந்தார். பலவீனமான இதயம் உள்ளவரை இதைவிட அபாயமாக எழுப்ப யாராலும் முடியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, "சண்டாளா, நான் செத்தா நீதான்டா காரணம்!" என்றார். எனக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழுது முடித்ததும் பழைய அறிவாளி வெளியே வந்தான். "மூணு கிலோ ஏறியிருக்கு, வெளையாடாதீங்க" என்று அதே காரில் அப்பாவையும் மாமாவையும் ஏற்றித் தஞ்சாவூருக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், காலை அழுத்திப் பார்த்தார், தன் மெஷினில் ஏற்றினார். அறுபத்து மூன்று.

"பாத்தீங்களா டாக்டர்!" என்றேன்.

"என்ன பாக்கணும்? ரொம்ப நல்லா இருக்கார். பழைய சீட்டு இருக்கா?"

மாத்திரைப் பெட்டியோடு அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். டாக்டர் அதைப் பிரித்து என் பக்கம் திருப்பினார். வீட்டுக்கு அனுப்பிய அன்று எடை: அறுபத்து மூன்று.

"அப்போ நடுவுல அறுபது வந்துச்சே?" என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நாற்காலியில் இருந்த அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தார். டாக்டர் பயந்து தண்ணீர் கொடுக்கப் போய், ஒன்றரை லிட்டர் ஞாபகம் வந்து பாதி டம்ளரோடு நிறுத்தினார்.

"மில்லு தராசுடா! நெல்லு வாங்கற தராசு, கம்மியாக் காட்டும்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். தராசச் சோதிச்சு முத்திரை போடுற ஆபீசரு வர்ற நேரமாச்சா, வெள்ளிக்கிழமை காலையில சரி பண்ணி வச்சுட்டான்!"

ஆக, நான் வடிய வைத்த ஆறு கிலோவில் மூன்றை எடுத்தது மாத்திரை. மீதி மூன்றை எடுத்தது மில் முதலாளி. என் காலண்டர் கோடு முழுக்க அவர் திருட்டைத்தான் நான் அழகாக வரைந்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, துக்கத்துக்கு வந்து தங்கிவிட்ட சொந்தங்களும் ஊர் விவசாயிகளுமாக அப்பாவை முன்னால் விட்டு மில்லுக்குப் போனோம். தராசுக்குப் பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் வரிசையாக எழுதியிருந்தது. நாள்தோறும் அப்பாவின் எடை. மூட்டை தூக்கும் காத்தமுத்து எழுதியது. என்னைப் பார்த்ததும், "வாங்க தம்பி. அண்ணன் ஒரு நாள் வரலேன்னாலும் வீட்டுக்கே ஆள் அனுப்பிடுவோம்" என்றார். நெல்லைக் கடித்து ஈரம் பார்ப்பதைப் போல, தினமும் அப்பாவின் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்து, "ஈரம் இல்ல, மூட்டையை எறக்கு" என்று சத்தம் போடுவாராம். மாத்திரை போட்டாச்சா என்று கேட்காமல் தராசில் ஏற்ற மாட்டார்களாம். தாகம் என்றால் ஒரு மடக்குதான் கொடுப்பார்களாம்.

நான் போனில் அதட்டிக்கொண்டிருந்தேன், இவர்கள் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மேல் எனக்கே கோபம் வந்தது.

முதலாளி எழுந்து வந்தார். "வாங்கண்ணே, வாங்க. ஒங்களப் பத்தி என்னமோ சொன்னாங்களே..."

"ஆமா, போயிட்டுத்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அப்பா சட்டையைக் கழற்றித் தராசில் ஏறினார். அறுபத்து மூன்று. "இப்ப சரியா இருக்கு. வியாழக்கிழமை வரைக்கும் அறுபது. மூணு கிலோ எங்க மொதலாளி?"

"அது... ஒடம்புத் தண்ணியா இருக்கும்ண்ணே."

அப்பா மடியிலிருந்து டாக்டரின் பழைய சீட்டையும் முந்தின நாள் எழுதிய சீட்டையும் எடுத்து நீட்டினார். முதலாளி படித்தார். கூட்டத்தைப் பார்த்தார். அறுபது கிலோ மூட்டைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று எல்லோரும் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. அப்பா குரலை உயர்த்தவில்லை. "நடந்தது நடந்துபோச்சு. இனிமே நான் வந்து ஏறி நின்னு, அறுபத்து மூணு காட்டுனாத்தான் மூட்டை ஏறும். சரியா?" என்றார். சரி என்பதைத் தவிர முதலாளிக்கு வேறு வழி இல்லை.

அன்றிலிருந்து என் அப்பா எங்கள் ஊரின் எடைக்கல் ஆனார்.

டாக்டர் சொல்லி, அம்மா அழுது, நான் கத்தி நடக்காதது எல்லாம் அதன்பின் தானாக நடந்தது. இவர் எடை மாறினால் ஊர் நெல் ஏமாந்துபோகுமே! நார்த்தங்காய் ஜாடியை அவரே கொண்டுபோய்க் காத்தமுத்துவிடம் கொடுத்தார். டீக்கடையில் பஜ்ஜி கேட்டால், "ஒனக்கு பஜ்ஜி போட்டா நாளைக்கு என் நெல்லுக்கு யாரு பொறுப்பு?" என்று பக்கத்தில் இருப்பவன் தட்டைப் பிடுங்கிவிடுவான். அறுவடை இல்லாத நாட்களிலும் தினம் தராசில் ஏறினார். மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, தஞ்சாவூர் டாக்டரிடம் எடையைச் சரிபார்த்து வருவார்கள்.

ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டு நன்றாகச் சாப்பிட்டுவிட்டார். இரண்டு நாளில் அறுபத்தைந்தரை. காத்தமுத்து கணுக்காலை அழுத்தினார், குழி விழுந்தது. களத்து வேலையைப் போட்டுவிட்டு அவரும் இரண்டு பேரும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா படுக்கையில சேத்திருக்கணும்" என்றாராம். எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ('சீரியஸ்' என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் யாரும் என்னிடம் உச்சரிப்பதில்லை. சளி, காய்ச்சலைக்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள்.)

எடைக்கல்லாக அவர் ஒன்பது வருடம் இருந்தார். அதில் கடைசி மூன்று வருடம் நான் மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து, தஞ்சாவூரில் ஏசி கடை போட்டுவிட்டேன். ஒரு மாசி மாதக் காலையில், கட்டிலில் என் கையைப் பிடித்தபடி, அவர் நிஜமாகவே போனார். நான் பக்கத்தில் இருந்தேன்.

அதற்குள் கைபேசி வந்துவிட்டது. முதலில் மாமாவைத்தான் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, அப்பா போயிட்டாரு."

மாமா மெதுவாகக் கேட்டார்.

"எடை பாத்தியாடா?"

அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதோம்.

"நேத்துக் காலையில நான்தான் மாமா பாத்தேன். அறுபத்து மூணு" என்றேன்.